கோட்டை நிழலில் ஒரு பந்தாட்டம்

ஒவ்வோர் ஊருக்கும் தனக்கென்று ஒரு நாள் உண்டு. எங்கள் திருவள்ளூருக்கு அது தை அமாவாசை. அன்று வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தங்கரையில் எள் போட்டால் எள் விழாது. யாழ்ப்பாணத்தாருக்கு நல்லூர்க் கந்தசாமி கோயில் மகோற்சவம். இருபத்தைந்து நாள் நடக்கும் அந்தத் திருவிழாவைப் பற்றித் தமிழ்நாட்டு நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் அந்த நகரத்துக்கு இன்னொரு திருவிழாவும் உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அதில் மூலவரும் இல்லை, உற்சவரும் இல்லை. கொடி உண்டு, வாத்தியம் உண்டு, கடல் கடந்து வரும் யாத்திரிகர் கூட்டமும் உண்டு. வருஷந்தோறும் மார்ச் மாதத்தில், கோட்டைக்கு அருகிலுள்ள மத்திய கல்லூரி மைதானத்தில் அது நடைபெறுகிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் நடக்கும் கிரிக்கெட் ஆட்டந்தான் அந்தத் திருவிழா.

இதற்கு அவ்வூரார் இட்டிருக்கும் பெயர் "வடக்கின் பெருஞ்சமர்". முதல் ஆட்டம் நடந்த ஆண்டு 1904.

"இரண்டு கல்லூரிப் பையன்கள் பந்து விளையாடுவதற்குச் சமர் என்று பெயரா? அதைப் பார்க்க ஒருவன் கடல் தாண்டிப் போக வேண்டுமா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பந்தையும் மட்டையையும் பார்ப்பதற்கு எங்கும் போக வேண்டியதில்லை. தெருக்கோடிக்குப் போனாலே போதும். ஆனால் ஓர் ஊர் தன்னை எப்படிக் கட்டிக் காப்பாற்றிக் கொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால் யாழ்ப்பாணத்துக்குத்தான் போக வேண்டும்.

பிரயாணம்

ஒரு காலத்தில் இந்தப் பிரயாணம் வெகு சுலபம். எழும்பூரில் "போட் மெயில்" ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடியும் ரயில். 1914-ஆம் ஆண்டில் ஏற்பட்ட அந்த மார்க்கத்தை 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் புயல் அழித்தது. தனுஷ்கோடி மணல் மேடாயிற்று. அப்புறம் யுத்தம் வந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்த ஊர், கொழும்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய தூர தேசமாகிவிட்டது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பிலிருந்து வரும் ரயில், 1990-இல் நின்று போனது, 2014 அக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2019 நவம்பரில் சென்னையிலிருந்து பலாலிக்கு ஆகாய விமானம் விடப்பட்டது. தொற்று நோய்க் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடியும் ஆரம்பமாயிற்று. 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் புறப்பட்டது.

சிறிய விமானந்தான். ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கடற்கரையைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஊர், பெயர் விசாரித்து முடிப்பதற்குள் கீழே பனங்காடு தெரிகிறது. யாழ்ப்பாணத்தை முதன்முதலில் காண்பவனுக்கு மனத்தில் நிற்பது அந்தப் பனைதான். செம்மண் தோட்டம், புகையிலைப் பாத்தி, கிடுகு வேலி, அவற்றுக்கெல்லாம் மேலே தலை நிமிர்ந்து நிற்கும் பனை. ஆறு என்று ஒன்று இல்லாத நாடு. கிணற்று நீரையும் கல்வியையும் நம்பியே பிழைத்த நாடு.

இரண்டு கல்லூரிகள்

அங்கே "கல்லூரி" என்றால் நம் ஊர்க் கல்லூரி அல்ல. ஐந்து வயதுப் பிள்ளை முதல் சர்வகலாசாலைக்குப் போகும் வயதுப் பையன் வரையில் படிக்கும் பெரிய பள்ளிக்கூடத்தைத்தான் இலங்கையில் கல்லூரி என்பார்கள். பிரின்ஸிபாலுக்கு அங்கே "அதிபர்" என்று பெயர். "பரியோவான்" என்றால் பரிசுத்த யோவான். இங்கிலீஷில் செயின்ட் ஜான். என்னுடன் வந்த சிநேகிதர் பெயரைக் கேட்டதும், "பரி என்றால் குதிரையல்லவா? குதிரையேற்றம் கற்பிக்கும் இடமோ?" என்று விசாரித்தார். அவருக்குத் தமிழ்ப் புலமை சற்று அதிகம்.

பரியோவான் கல்லூரியை ஆங்கிலத் திருச்சபை மிஷனைச் சேர்ந்த ஜோசப் நைட் என்ற பாதிரியார் 1823-இல் நல்லூரில் ஒரு சிறு பாடசாலையாகத் தொடங்கினார். பின்னர் அது சுண்டிக்குளிக்கு மாறி, 1891-இல் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. மத்திய கல்லூரி வெஸ்லியன் மிஷனாருடையது. அதன் தொடக்கம் 1816-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1834-இல் பீட்டர் பெர்ஸிவல் பாதிரியார் அதைச் சீர்ப்படுத்தி "சென்ட்ரல்" என்று பெயர் வைத்தார்.

பெர்ஸிவல் என்ற பெயரைக் கேட்டதும் தமிழன்பர்களுக்கு ஆறுமுக நாவலர் ஞாபகம் வந்துவிடும். நாவலர் அந்தப் பள்ளியில்தான் இங்கிலீஷ் படித்தார். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பெர்ஸிவலுக்குப் பைபிளைத் தமிழாக்கிக் கொடுத்தார். பிறகு அதே மிஷனாரின் முறைகளைக் கொண்டே அவர்களை எதிர்க்கப் புறப்பட்டு, 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பெர்ஸிவல் சென்னைக்கு வந்து "தினவர்த்தமானி" என்ற பத்திரிகையை நடத்தி, ராஜதானிக் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தார். 1857-இல் சென்னைச் சர்வகலாசாலையில் முதன்முதலாக பி.ஏ. பட்டம் பெற்ற இருவருமே யாழ்ப்பாணத்தார்கள்தான். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் விசுவநாத பிள்ளை. பழைய ஏடுகளை அச்சேற்றித் தமிழைக் காத்தவர்களில் தாமோதரம் பிள்ளை முன்வரிசையில் நிற்பவர்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்பது வெறும் கட்டடம் அல்ல. நம் ஊரில் ஒருவரைப் பார்த்தால் "எந்த ஊர்?" என்று கேட்போம், அவர்கள் "எந்தக் கல்லூரி?" என்று கேட்கிறார்கள். பதில் கிடைத்ததும் மனிதரை ஒருவாறு எடை போட்டு விடுகிறார்கள். ஆகவே கல்லூரியின் கிரிக்கெட் கோஷ்டி என்றால், அது பதினொரு பையன்களுடைய கோஷ்டி அல்ல. தாத்தா, தகப்பனார், மாமா, மைத்துனர் எல்லோருடையதும் ஆகும்.

பாதிரிமார்களும் பந்தும்

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் உயர்தரக் கல்விக்கு அடிகோலியவர்களில் பிரதானமானவர்கள் ஆங்கிலேயர் அல்லர், அமெரிக்கர். 1815-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், மாஸாசூஸெட்ஸ் மாகாணத்து நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து பாய்மரக் கப்பலில் புறப்பட்ட மிஷனாரிமார், மறு வருஷம் இலங்கை வந்து சேர்ந்தார்கள். 1823-இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினரிதான் தாமோதரம் பிள்ளையை உருவாக்கியது.

அப்படியானால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அமெரிக்கரின் தேசிய விளையாட்டாகிய பேஸ்பாலை ஆடாமல், கிரிக்கெட்டை ஏன் பிடித்துக் கொண்டார்கள்? காரணம் எளிது. அந்த மிஷனாரிமார் கப்பலேறியபோது பேஸ்பால் என்ற விளையாட்டு இன்னும் உருப்படவில்லை. அதன் விதிகள் நியூயார்க்கில் எழுதப்பட்டதே 1845-இல்தான். அதற்குள் இலங்கையில் ஆட்சி செலுத்திய ஆங்கிலேயருடைய விளையாட்டு முந்திக் கொண்டது. கொழும்பில் ராயல் கல்லூரிக்கும் செயின்ட் தாமஸ் கல்லூரிக்கும் 1879-இல் ஆட்டம் தொடங்கியது. இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் காற்று வடக்கேயும் வீசியது.

அந்த மிஷனாரிமார் புறப்பட்ட மாஸாசூஸெட்ஸில், கடலுக்குள் வளைந்து நீண்டு கிடக்கும் கேப் காட் என்ற முனை ஒன்று இருக்கிறது. அங்கே மீனவரும் கோடைவாசிகளும் வசிக்கும் சிற்றூர்களில் பத்துப் பேஸ்பால் கோஷ்டிகள் உண்டு. ஆடுகிறவர்கள் எல்லோரும் கல்லூரி மாணாக்கர். வருஷந்தோறும் கோடை விடுமுறையில் தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் வந்து, ஊரார் வீடுகளில் பிள்ளைகளைப் போல் தங்கி, மாலைப்பொழுதில் ஆடுகிறார்கள். டிக்கெட் கிடையாது. தொப்பியை நீட்டினால் இஷ்டப்பட்டதைப் போடலாம். 1923-இல் ஏற்பட்ட இந்த ஏற்பாடு 1963 முதல் கல்லூரி மாணாக்கருக்கே உரியதாயிற்று. சாட்டம் என்ற ஊரில் கடலிலிருந்து மூடுபனி உருண்டு வந்து பந்தை மறைத்துவிடுமாம்; ஆட்டக்காரர், நடுவர், ரசிகர் எல்லோரும் பனி விலகும் வரையில் பொறுமையாகக் காத்திருப்பார்களாம். இன்று பெரும் புகழ் பெற்ற ஆரன் ஜட்ஜ் 2012-ஆம் ஆண்டுக் கோடையில் ஆடியது அத்தகைய ஓர் ஊரில்தான். "இவன் எங்கள் வீட்டில் சாப்பிட்ட பையன்" என்று சொல்லிக்கொள்வதில் அந்த ஊர்க் குடும்பங்களுக்கு உள்ள பெருமைக்கு விலை ஏது?

கேப் காட்டில் எங்கிருந்தோ வரும் பிள்ளைகளை ஊர் சுவீகாரம் எடுத்துக் கொள்கிறது. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் சொந்தப் பிள்ளைகளே. ஆனால் ஊர்தான் உலகெங்கும் சிதறிப் போயிருக்கிறது. மார்ச் மாதத்தில் அந்த ஊர் தன் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு வருகிறது.

மைதானத்தில்

மத்திய கல்லூரி மைதானம் இருக்கும் இடத்தைச் சற்று மனக்கண்ணால் பாருங்கள். ஒரு பக்கம் கோட்டை. போர்த்துகீசியர் 1619-இல் யாழ்ப்பாண ராஜ்யத்தைப் பிடித்த பிறகு கட்டியது. 1658-இல் டச்சுக்காரர் கைப்பற்றி ஐங்கோணமாகத் திருத்திக் கட்டியது. 1795-இல் ஆங்கிலேயர் வசமானது. அதற்கப்பால் கடல்நீரேரி. மற்றொரு பக்கம் வெள்ளை வெளேரென்று பொது நூலகம். கொஞ்சம் தள்ளி மணிக்கூட்டுக் கோபுரம், துரையப்பா விளையாட்டரங்கம். ஐந்து நிமிஷ நடையில் நானூறு வருஷத்துச் சரித்திரத்தைச் சுற்றி வந்துவிடலாம்.

ஆட்ட நாளில் இந்தச் சரித்திரத்தையெல்லாம் ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கொட்டும் குழலும் காதைப் பிளக்கின்றன. கொடிகளைத் தூக்கிக்கொண்டு மாணவர்கள் எல்லைக் கோட்டைச் சுற்றி ஓடுகிறார்கள். கச்சான் விற்பவன் ஒரு பக்கம். நாம் வேர்க்கடலை என்பதை அவர்கள் கச்சான் என்கிறார்கள். பந்தலின் கீழே நரைத்த தலைகள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த பழைய மாணவர்கள், பேரப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து, எதிர்க் கல்லூரியைக் கேலி செய்து பாடுகிறார்கள்.

ஒலிபெருக்கியில் வரும் தமிழைக் கேட்பதே ஓர் ஆனந்தம். கிரிக்கெட்டுக்கு அங்கே "துடுப்பாட்டம்" என்று பெயர். மட்டை என்று நாம் சொல்வது அவர்களுக்குத் துடுப்பு. படகு வலிக்கும் துடுப்பைக் கண்ட கண்ணுக்குத்தானே இப்படி ஒரு பெயர் தோன்றும்! "ரன்" என்பது ஓட்டம். சதம், அரைச்சதம், பந்துவீச்சு, களத்தடுப்பு என்று சரளமாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஒரு கலைச்சொல் குழுவும் கூடி முடிவு செய்ததைப் போல் இல்லை; வாயிலே வளர்ந்த தமிழைப் போல் இருக்கிறது.

எனக்குப் பக்கத்தில் எண்பது வயதுக்குக் குறையாத ஒரு பெரியவர் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பேச்சைக் கேட்டதும் திரும்பினார்.

"தம்பி எங்கையிருந்து வாறியள்?"

"சென்னைக்கு மேற்கே, திருவள்ளூர், ஐயா."

"திருவள்ளூரோ?" என்று யோசித்தார். "கும்மிடிப்பூண்டிக்குக் கிட்டவோ?"

நான் வியந்து போனேன். திருவள்ளூரைத் தெரியாத யாழ்ப்பாணத்துப் பெரியவருக்குக் கும்மிடிப்பூண்டி எப்படித் தெரிந்தது?

"அங்கை எங்கட ஆக்கள் கனபேர் இருக்கினம், தம்பி" என்றார் அவர். பிறகு மைதானத்தின் பக்கம் திரும்பிக் கொண்டார். ஒரு பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது. கூட்டம் ஆரவாரித்தது. அவர் சிறிது நேரம் பேசவில்லை.

இருண்ட ஆண்டுகள்

இந்த ஆட்டத்தின் மதிப்பை அறிய வேண்டுமானால், அதைச் சுற்றி நடந்தவற்றை ஆண்டுவாரியாகச் சொல்ல வேண்டும்.

1981-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் தேதி இரவு, மைதானத்துக்கு அருகிலுள்ள அந்த நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறக்குறைய 97 ஆயிரம் புத்தகங்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. இன்று வெள்ளையாக நிற்பது பின்னால் மீண்டும் எழுப்பிய கட்டடம்.

1983-இல் இனக் கலவரம். அதைத் தொடர்ந்து யுத்தம். 1985-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி நடந்ததை எழுதக் கை கூசுகிறது. பரியோவான் கல்லூரியின் அதிபர் சி. இ. ஆனந்தராஜன் அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1976 முதல் அந்தக் கல்லூரியை நடத்தி வந்தவர் அவர். சுட்டவர்கள் அந்நியர் அல்லர். ஆயுதம் ஏந்திய தமிழ் இளைஞர்கள். தம் மாணவர்களுக்கும் ராணுவத்தாருக்கும் ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடத்த ஏற்பாடு செய்தார் என்பதே அவர் செய்த குற்றமாகப் பேசப்பட்டது. எதிர் எதிரே துப்பாக்கியுடன் நிற்பவர்கள் ஒரு பொழுதாவது மட்டையுடன் நிற்கட்டும் என்று எண்ணியவருக்கு உயிரே விலையாயிற்று. பந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் இந்த ஒரு மரணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1990-இல் கோட்டைக்குள் ராணுவமும் வெளியே விடுதலைப் புலிகளுமாக மாதக் கணக்கில் முற்றுகை நடந்தது. குண்டு விழாத இடமில்லை. கோட்டைக்கு அருகில் இருந்த மத்திய கல்லூரிக் கட்டடங்கள் பெரிதும் சிதைந்தன. 1995 அக்டோபர் 30-ஆம் தேதி இரவு, அடைமழையில், யாழ்ப்பாணம் என்ற நகரமே எழுந்து நடந்தது. தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக லட்சக்கணக்கான ஜனங்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனார்கள். சில மாதம் கழித்து ஒரு பகுதியினர் திரும்பினார்கள். ஒரு பகுதியினர் திரும்பவே இல்லை. யுத்தம் 2009-இல் முடிந்தது.

இவ்வளவுக்கும் நடுவே ஆட்டம் எப்படி நடந்தது? சில வருஷங்கள் நடக்கவில்லை. நடக்காத வருஷங்களை ஆட்டக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகையால் 1904 முதல் ஆண்டுக்கொன்றாக எண்ணினால் வரும் தொகைக்கும், ஆட்டத்தின் வரிசை எண்ணுக்கும் சிறிது வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசம் இவ்வளவு சிறிதாக இருப்பதுதான் ஆச்சரியம். வரிசை எண் நூற்றுப் பதினைந்தைத் தாண்டிவிட்டது. ஊரே காலியான காலத்தையும் கண்ட ஒரு நகரத்தில், நூற்றிருபது வருஷத்தில் விட்டுப் போன ஆட்டங்கள் வெகு சொற்பம். நூலகம் எரிந்தது, கல்லூரி இடிந்தது, ரயில் நின்றது. வரிசை எண் மட்டும் அறுந்து போகவில்லை.

வெள்ளைக்காரன் கொண்டு வந்த விளையாட்டு இது என்று ஒரு காலத்தில் நம்மவர் சிலர் முகஞ்சுளித்ததுண்டு. யாழ்ப்பாணத்து மாணாக்கர் சுதந்தர உணர்ச்சியில் யாருக்கும் பின்தங்கியவர் அல்லர். 1924-இல் அவர்கள் ஆரம்பித்த மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. அதன் அழைப்பின் மேல் 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். பூரண சுயராஜ்யம் தராத அரசியல் திட்டம் வேண்டாமென்று 1931-இல் தேர்தலையே பகிஷ்காரம் செய்தவர்கள் அவர்கள். வெள்ளைக்காரனுடைய ஆட்சியை வேண்டாமென்ற அதே ஊர் அவனுடைய மட்டையை மட்டும் கீழே போடவில்லை. அதற்குத் துடுப்பு என்று பெயரிட்டுத் தனதாக்கிக் கொண்டது.

நம் ஜில்லாவின் வடகோடியில்

கும்மிடிப்பூண்டியைப் பற்றிப் பெரியவர் சொன்னது என் மனத்தை விட்டு அகலவில்லை. சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ரயிலில் போகிறவர்களுக்கு அந்த ஊர் என்றால் தொழிற்பேட்டைதான் தெரியும். புகைபோக்கிகளும் லாரிகளும் இரும்பாலைகளும் கண்ணில் படும். அவற்றின் அருகே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் அதுவும் ஒன்று. 1983-க்குப் பிறகு அலை அலையாக வந்த அகதிகளில் முகாம்களிலேயே தங்கிவிட்டவர்கள், 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய ஐம்பத்தெட்டாயிரம் பேர். அவ்வாண்டில் தமிழக அரசாங்கம் "அகதிகள் முகாம்" என்ற பெயரை மாற்றி, "மறுவாழ்வு முகாம்" என்று வைத்தது.

பெயர் மாறிற்று, சட்டம் மாறவில்லை. இந்தியாவில் பிறந்தாலே இந்தியப் பிரஜை என்ற நிலை 1987-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் எந்தத் தேசத்துக்கும் உரியவர் ஆகாமல் நிற்கிறார்கள். அந்தத் தேதிக்கு முன், 1986-இல், மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி நீதிமன்றம் சென்று வழக்காடிப் பாஸ்போர்ட் பெற்றார். 2024-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்கும் அளித்தார். அவருக்குக் கிடைத்தது அவருக்குப் பின்னால் பிறந்தவர்களுக்கு எட்டாக் கனியாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பையன் "நான் சென்ட்ரல்" என்றோ "நான் பரியோவான்" என்றோ சொல்லும்போது அவனுக்குப் பின்னால் நூற்றிருபது வருஷம் நிற்கிறது. அவன் தாத்தாவின் பெயர் ஓர் ஆட்டக் குறிப்பேட்டில் இருக்கலாம். முகாமில் பிறந்த பையனும் அதே மட்டையைத்தான் பிடிக்கிறான். அதே பந்தைத்தான் வீசுகிறான். "நீ யாருடைய ஆள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அவனுக்குத்தான் ஒரு பெயர் இல்லை. கல்லூரி அணி என்பது ஒருவனுக்கு எதைத் தருகிறது என்பது, அது இல்லாதவனைப் பார்க்கும்போதுதான் நமக்கு நன்றாக விளங்குகிறது.

நமக்கும் அவர்களுக்கும் பந்தாட்டத்தில் பழைய உறவு உண்டு. 1947-இல் சேப்பாக்கம் மைதானத்தில், தென்னிந்திய அணிக்கு எதிராக எம். சதாசிவம் என்ற இலங்கைத் தமிழர் 215 ஓட்டங்கள் எடுத்தார். மறு வருஷம் பிராட்மனின் ஆஸ்திரேலிய கோஷ்டி கொழும்பில் இறங்கியபோது இலங்கை அணிக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் பிறந்த எம். ஜே. கோபாலனின் பெயரால் 1953 முதல் சென்னைக்கும் இலங்கைக்கும் கோப்பை ஆட்டங்கள் நடந்தன. எங்கள் திருவள்ளூரும் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்ததுதான்.

இனி வரும் ஆட்டம்

மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசம்பரில், பத்தொன்பது வயது நிறையும் தறுவாயில், லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காகச் சுழற்பந்து வீசினார். 2024-ஆம் ஆண்டு ஐ.பி.எல்.-இல் ஹைதராபாத் அணிக்கும் ஆடினார். பெருஞ்சமர் நடக்கும் அதே மைதானத்துப் பிள்ளை நம் ஊர்த் தொலைக்காட்சியில் தோன்றியபோது, அவர் எங்கிருந்து வந்தார் என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? 2025 செப்டம்பரில் யாழ்ப்பாணத்துக்கு அருகே மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் ஒன்றின் வேலையும் தொடங்கப்பட்டது.

பெரிய மைதானங்கள் வரட்டும், வர வேண்டியதுதான். ஆயினும் கோட்டைக்கு அருகிலுள்ள அந்தச் சிறிய மைதானத்தின் இடத்தை அவை பிடிக்க முடியாது. அங்கே சாயங்காலம் ஆட்டம் கலையும்போது, தோற்ற கல்லூரிப் பழைய மாணவர்கள் வெற்றி பெற்றவர்களிடம் சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் வைத்திருக்கிறார்கள்: "அடுத்த வருஷம் பாப்பம்!"

நாம் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைதான். ஆனால் அடுத்த வருஷம் என்று ஒன்று வருமா என்று தெரியாமலே பல வருஷங்களைக் கழித்த ஊர் அது. அந்த ஊரார் வாயிலிருந்து வரும்போது அந்த வார்த்தைக்குப் பொருள் அதிகம். மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணம் போகும் நேயர்கள் கோயிலையும் கோட்டையையும் பார்த்த பிறகு, அரைநாள் அந்த மைதானத்தில் போய் உட்கார வேண்டும். எந்தக் கட்சியில் சேருவது என்ற கவலை வேண்டாம். எந்தப் பந்தலில் நுழைந்தாலும், "வாங்கோ, இருங்கோ" என்று ஓர் இடம் ஒதுக்கித் தருவார்கள்.